சாப்பாட்டு டீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் சோறு ஆக்கிப் போடுவது நான். ஆனால் ‘சாப்பாட்டு டீச்சர்’ என்று பிள்ளைகள் பெயர் வைத்தது என்னவோ அறிவியல் டீச்சருக்கு. ஆரம்பத்தில் எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. விடிந்ததும் விடியாததுமாகப் பனியில் நடந்து வந்து, அரிசியோடும் பருப்போடும் மல்லுக்கட்டுகிறவள் ஒருத்தி, பட்டம் வாங்கிக்கொண்டு போகிறவர் இன்னொருவரா என்று நினைப்பேன். பிறகு யோசித்துப் பார்த்தால் பிள்ளைகள் சரியாகத்தான் வைத்திருந்தார்கள். அவர் எதைப் பார்த்தாலும் கேட்பது ஒரே கேள்வி.

“இது எங்க சாப்புடுது?”

மரத்தைப் பார்த்தாலும் அதே கேள்வி, சுவரில் படர்ந்திருக்கும் பச்சையைப் பார்த்தாலும் அதே கேள்வி. பெயர் என்ன, எத்தனை வகை, எங்கே காணப்படுகிறது என்பதெல்லாம் அப்புறம். முதலில் அது தன் சாப்பாட்டுக்கு என்ன வழி வைத்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு மழை நாளில் பிள்ளைகள் “டீச்சர், அட்டை, அட்டை” என்று கத்தினார்கள். குனிந்து தன் கணுக்காலைப் பார்த்தவர், “இதுகிட்ட மட்டும் கேக்க வேண்டியதில்ல” என்று சொல்லிவிட்டு, என்னிடம் வந்து ஒரு சிட்டிகை உப்பு வாங்கிக்கொண்டு போனார்.

கீழ் கோத்தகிரிப் பக்கம், தேயிலைச் சரிவுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தார் அவர். சமவெளியிலிருந்து வருகிற டீச்சர்மார்கள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே திரும்பிப் போவதற்கு மனு எழுதிவிடுவார்கள். குளிர் ஒத்துக்கொள்ளாது, நினைத்த நேரத்துக்கு பஸ் கிடையாது, கடை கிடையாது. இவர் வந்த முதல் நாள் பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே என் அடுப்படிக்கு வந்தார். ஆம்பளைக் குடை, கால்களில் கேன்வாஸ் ஷூ, சேலைக்கு மேல் முழங்கை நூல் பிரிந்த ஸ்வெட்டர். “ஏனுங்க, நீங்க சாப்புட்டீங்களா?” என்று கேட்டார்.

யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்விதானே என்று தலையை ஆட்டி வைத்தேன். அவர் நகரவில்லை. பதிலுக்காகத்தான் நிற்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிள்ளைகள் எல்லாம் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மிச்சம் இருந்தால் சாப்பிடுவேன் என்று உண்மையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனார். அடுத்த வாரம் ஏழாம் வகுப்புக்கு இலைப் பாடம் நடத்தும்போது ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது. இலைதான் செடியின் சமையல்கட்டு, வெயில்தான் அடுப்பு, தண்ணீரும் காற்றும்தான் சாமான் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், “செடி மொதல்ல தான் சாப்புட்டு வளருது. மிச்சத்தத்தான் காயா, கெழங்கா சேத்து வெக்குது. நம்ம பள்ளிக்கூடத்துல சமைக்கறவங்க சாப்புட்டாங்களான்னு யாராச்சும் கேட்டிருக்கீங்களா?” என்றார்.

அன்று மத்தியானம் தட்டோடு வரிசையில் நின்ற ஒவ்வொரு பிள்ளையும் என்னை “அக்கா, சாப்புட்டீங்களா?” என்று கேட்டது. கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கிவிட்டார்கள். அவர்கள் தொல்லை தாங்காமல்தான் நான் முதலில் சாப்பிடப் பழகினேன்.

அவர் பாடம் நடத்துவதைக் கேட்பதற்கென்றே பருப்பு பொறுக்குவதை நான் ஜன்னலோரம் மாற்றிக்கொண்டேன். ஒருநாள் வேலியோரத் தேயிலைச் செடியிலிருந்து மூன்று இலைகளைக் கிள்ளிக்கொண்டு வந்தார். ஒன்று நல்ல பச்சை. இன்னொன்றில் வெள்ளையாகக் கொப்புளம். மூன்றாவதில் ஆரஞ்சு நிறத்தில் வெல்வெட்டுத் துணி ஒட்டியதுபோலப் புள்ளிகள். எஸ்டேட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு மூன்றும் தெரியும். மருந்தடிக்கிற அப்பாக்கள் வீட்டில் பேசுவதுதானே.

முதல் இலையைத் தூக்கிக் காட்டி, இது தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்கிறது, இது செடி என்றார். இரண்டாவதைக் காட்டி, இந்தக் கொப்புளம் செடி இல்லை, இதற்குச் சமைக்கத் தெரியாது என்றார். “இது அடுத்தவங்க தட்டுல கை வெக்கறது. பூஞ்சை. உங்க ஊட்டு ரொட்டியில கருப்பாப் படருதே, அதுக்கும் இதுக்கும் சொந்தம். காளானும் இந்தக் குடும்பந்தான். செடி மாதிரி மண்ணுல நிக்குதுன்னு செடின்னு நெனச்சுக்காதீங்க.” மூன்றாவதைக் காட்டியதும் பிள்ளைகள் முந்திக்கொண்டு, அதுவும் பூஞ்சை என்று கத்தினார்கள். இல்லை, அது பாசி என்றார் டீச்சர். பச்சை நிறம் அதற்குள்ளும் இருக்கிறது, மேலே ஆரஞ்சுச் சட்டை மாட்டி மறைத்திருக்கிறது, தன் சோற்றை அதுவும் தானே ஆக்கிக்கொள்ளும். ஆனால் குடியிருக்கிற வீட்டைக் கெடுத்துவிடும்.

“எங்க மாமா மாதிரி டீச்சர்” என்றாள் ஒரு பெண்.

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்காமல், ஆட்களைப் பற்றி வீட்டில் பேசிக்கொள்ளலாம், இங்கே இலையைப் பற்றி மட்டும் பேசுவோம் என்றார். ஜன்னலுக்கு வெளியே நான்தான் முறத்தை வைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

என் அடுப்படியும் அவரிடம் தப்பவில்லை. மசாலா டப்பாவைத் திறந்து கல்பாசியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் வழக்கமான கேள்வியைக் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது காய்ந்து கருவாடாகி டப்பாவுக்குள் வந்துவிட்டது டீச்சர், இனி எங்கே சாப்பிடும் என்றேன். அவர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், சில்வர் ஓக் மரத்தின் பட்டையில் சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக ஒட்டியிருந்ததைக் காட்டினார். இதன் சொந்தம்தான் அது என்றார். அதற்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்களாம். ஒரு பாசி, ஒரு பூஞ்சை. பாசி சமைக்கிறது. பூஞ்சை வீடு கட்டி, தண்ணீர் சேர்த்து வைத்து, வெயிலில் காயாமல் பார்த்துக்கொள்கிறது. இத்தனை வருடமாக நான் குழம்பில் கிள்ளிப் போட்டது ஒரு குடும்பத்தை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு கல்பாசியைக் கையில் எடுத்தால் ஒரு நொடி தயங்குவேன். போடாமல் இருப்பதில்லை, தயங்குவேன், அவ்வளவுதான்.

அவரிடம் ஊருக்குப் பிடிக்காத ஒரு குணம் இருந்தது. தான் பார்க்காத எதையும் சொல்லமாட்டார். டீச்சர் என்றால் கேட்டவுடன் பதில் சொல்ல வேண்டும் என்பது எஸ்டேட் வரிசை வீடுகளான எங்கள் லைனில் எல்லோருடைய எண்ணம். இவர் பாதிக் கேள்விக்கு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பார். தண்ணீர்த் தொட்டியில் இருக்கிற பாசி இருட்டிலும் சமைக்குமா என்று ஒரு பையன் கேட்டான். புத்தகத்தில் இருக்கும் பதிலைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் இரண்டு கண்ணாடி பாட்டிலில் பச்சை இழைகளை அள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒன்றை என் அடுப்படி ஜன்னலில் வெயிலிலும் இன்னொன்றை என் சாமான் அலமாரிக்குள் இருட்டிலும் வைத்தார். வெயிலில் இருந்ததில் பொடிப்பொடியாகக் குமிழி ஏறியது. அலமாரியில் இருந்தது சும்மா கிடந்தது. எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக வந்து இரண்டையும் பார்த்த பிறகுதான் பதில் சொன்னார். அந்த பாட்டில்கள் என் மஞ்சள்தூளுக்கும் உளுத்தம்பருப்புக்கும் நடுவில் எத்தனையோ நாள் கிடந்தன. அந்த டீச்சருக்கு ஒன்றும் தெரியாது, எதைக் கேட்டாலும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறது என்று பெற்றோர்கள் பேசிக்கொண்டார்கள். என் அம்மாவும் அதைத்தான் சொன்னாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா சிலோன் தோட்டத்தில் பிறந்து, பாவாடை கட்டின வயதில் கப்பலேறி வந்தவள். இந்த மலைக்கு வந்து இங்கேயே கொழுந்து பறித்து, கல்யாணம் கட்டி, என்னைப் பெற்று, அப்பாவையும் இங்கேயே புதைத்தாள். ஆனாலும் இன்றுவரை லைன் வீடு அவளுக்கு லயம்தான், பிரெட்டு பாண்தான். சிலோனில் தின்ற எதுவும் இங்கே இல்லை என்பது அவளுடைய தீராத குறை. அதிலும் காளான். இடி மழைக்கு மறுநாள் லயத்துக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று குடை விரித்து நிற்குமாம். அவளுடைய அம்மா தேங்காய்ப்பால் ஊற்றிச் சமைப்பாளாம். அந்தக் காளானைப் பற்றி அவள் சொல்லாத மழைக்காலம் கிடையாது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, விறகு பொறுக்க மேட்டுப் பைன் காட்டுக்குப் போன அம்மா, விறகில்லாமல் திரும்பி வந்தாள். மடி நிறைய வெள்ளைக் காளான். அவளுடைய முகத்தை அப்படி ஒரு மலர்ச்சியில் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

“சிலோன் காளான் புள்ள. அதேதான். என்னைத் தேடிக்கிட்டு இங்கயே வந்திருச்சி.”

அன்றைக்கு அடுப்பில் என்னைக் கை வைக்கவே விடவில்லை. தானே தேங்காய் துருவி, தானே பால் பிழிந்தாள். கொதிக்கும்போது தன் வெள்ளி மோதிரத்தைக் கழற்றிச் சட்டிக்குள் போட்டாள். விஷமிருந்தால் வெள்ளி கருத்துவிடும் என்பது சிலோனிலிருந்து வந்தவர்களின் நம்பிக்கை. சமைத்து முடித்துக் கரண்டியால் துழாவி எடுத்துக் காட்டினாள். மோதிரம் பளபளவென்றிருந்தது. எங்கள் லைனில் யார் வீட்டில் விசேஷமாக எதைச் சமைத்தாலும் பக்கத்து வீடுகளுக்கு ஒரு கிண்ணம் போகும். டீச்சர் அப்போது எங்கள் லைனிலேயே கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்தார். ஊர் விட்டு ஊர் வந்து தனியாக இருக்கிற பொம்பளை, முதல் கிண்ணம் அவளுக்குப் போகட்டும் என்று அம்மாதான் என் கையில் கொடுத்து அனுப்பினாள்.

டீச்சர் மூடியைத் திறந்து முகர்ந்து, வாசம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்.

“இது எங்கீங்க சாப்புட்டுட்டு இருந்துச்சு?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்றைக்கு ஒருநாளாவது கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள் டீச்சர், பைன் மரத்தடியில் முளைத்திருந்ததாம் என்றேன். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்தில் கரையான் புற்று இருந்ததா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றதும் செருப்பைக்கூட மாட்டாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அம்மாவிடமும் அதையே கேட்டார். புற்று எதுவும் இல்லை, பைன் சருகைத் தள்ளிக்கொண்டு நின்றது என்றாள் அம்மா. அடியோடு பிடுங்கினீர்களா என்று கேட்டதற்கு, கிள்ளினேன் என்று விரலை மடக்கிக் காட்டினாள். ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்த கை. எதையும் மேலோடு கிள்ளித்தான் எடுக்கும், அடியைத் தொடாது. டீச்சர், தான் வரும்வரை யாரும் வாயில் வைக்க வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டு மேட்டைப் பார்த்து ஏறினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

தூறல் பிடித்திருந்தது. அம்மா கிள்ளிய இடம் எளிதாகக் கிடைத்தது. சருகுக்கு நடுவே காம்புகளின் அடிகள் மட்டும் வெள்ளையாக நின்றன. டீச்சர் மண்டியிட்டு, ஒரு குச்சியால் சுற்றிலும் நெம்பி, ஒன்றை மண்ணோடு எடுத்தார். அடியில் கிழிந்த பை ஒன்று காம்பைக் கிண்ணிபோலப் பிடித்திருந்தது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் சொன்னதை நான் அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன்.

“அம்மா சொல்ற காளான் கரையான் ஊட்ல சாப்புடறதுங்க. புத்துக்குள்ள வரைக்கும் நீளமா வேர் மாதிரி ஒரு வால் போகோணும். இதுக்கு வால் இல்ல, கிண்ணி இருக்குது. இது பைன் மர வேருகிட்ட வாங்கிச் சாப்புடறது. சாப்புடற எடமே வேறீங்க. ரெண்டும் ஒண்ணா இருக்க முடியாது.”

இறங்கும்போது ஒரு இடத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எழுந்து, சேலையைக்கூட உதறாமல் ஓடினார்.

நாங்கள் வாசலை மிதித்தபோது அம்மா தட்டைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். எத்தனை வருட ஆசை. குழம்பு ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை உருட்டியிருந்தாள். வேண்டாம் என்றார் டீச்சர். மோதிரம் கருக்கவில்லை, பாரு என்று இடது கையைக் காட்டினாள் அம்மா. மோதிரத்துக்குத் தெரியாதுங்க அம்மா என்றார் டீச்சர். அம்மாவின் வலது கை வாய்க்குப் போனது. டீச்சர் அந்தக் கையைப் பிடித்து உதறிவிட்டார். தட்டை இழுத்து எடுத்துக்கொண்டார்.

சாப்பிட உட்கார்ந்தவர் முன்னாலிருந்து தட்டைப் பிடுங்குவதை எங்கள் லைனில் பகையாளிகூடச் செய்யமாட்டான். அம்மா பிசைந்த கையோடு எழுந்துவிட்டாள்.

“அடுத்தவ தட்டுல கை வைக்கிறியே, நீயெல்லாம் ஒரு டீச்சரா?”

அம்மா எந்த வகுப்பிலும் உட்கார்ந்தவள் இல்லை. ஆனால் அந்த வார்த்தை, பூஞ்சைப் பாடத்தில் டீச்சர் சொன்ன சொந்த வார்த்தை. அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். இருந்தாலும் நிற்கவில்லை. சட்டியையும் தட்டையும் கிண்ணத்தையும் லைனுக்குப் பின்னால் கொண்டுபோய், நாயும் கோழியும் கிளறாத ஆழத்துக்குக் குழி தோண்டி எல்லாவற்றையும் கொட்டி மூடினார். பாத்திரங்களைத் தானே தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து வைத்தார். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கடைசியில் திரும்பாமலே கேட்டாள், அது விஷம்தான் என்று உனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா அன்றைக்கே மன்னித்திருப்பாள். லைனே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும்.

“தெரியாதுங்க அம்மா” என்றார் அவர். “இது உங்க சிலோன் காளான் இல்லைங்கிறது மட்டுந்தான் தெரியும்.”

அம்மா அதற்குப் பிறகு அவரோடு பேசவேயில்லை. தெரியாமலா என் சட்டியைக் கவிழ்த்தாள் என்று லைன் முழுக்கச் சொல்லி அழுதாள். கீழ்நாட்டுக்காரிக்கு நம் சாப்பாடு என்றால் இளக்காரம் என்று சிலர் எண்ணெய் ஊற்றினார்கள். எனக்கோ இரண்டு பக்கமும் மனம் இழுத்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டீச்சரிடமே போய்ச் சொன்னேன், அம்மாவிடம் வந்து அது விஷம்தான் என்று ஒரு பொய் சொல்லிவிடுங்கள், அவள் மனம் ஆறிவிடும் என்று. அவர் பாட்டிலில் இருந்த பாசிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“விஷம்னு சொல்றதுக்கு எனக்குத் தெரியோணுமுங்க. அன்னைக்கு அதத் தெரிஞ்சுக்க ஒரே வழிதான் இருந்துச்சு. அம்மா தின்னிருக்கோணும்.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அதன் பிறகும் அவர் ஒவ்வொரு நாளும் எங்கள் வாசலைத் தாண்டும்போது, “சாப்புட்டீங்களா அம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார். உள்ளேயிருந்து பதில் வராது. பதில் வராது என்று தெரிந்தும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவார். மாற்றல் வந்து கிளம்பிய அன்றும் அப்படித்தான் நின்றார். அம்மா வெளியே வரவில்லை. உள்ளே அரிசி புடைக்கும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நின்று, மறுபடி கேட்டது. பஸ் ஏறும்போது என்னிடமும் அதே கேள்வியைக் கேட்டார். சாப்பிட்டுவிட்டேன் டீச்சர் என்றேன். அது நிஜம்தான். கொஞ்ச நாள் போனில் பேசிக்கொண்டோம். பிறகு நம்பர் மாறிவிட்டது.

இப்போது வேறு டீச்சர் இருக்கிறார். பாடமெல்லாம் செல்போனில் படமாக வருகிறது, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மத்தியானம் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் இன்னமும் என்னைச் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று அவர்களுக்குத் தெரியாது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் கேட்டதைப் பார்த்துச் சின்ன வகுப்பு பழகி, அப்படியே வந்துகொண்டிருக்கிறது.

அம்மாவுக்கு இப்போது மூட்டுவலி. இருந்தாலும் மழை விட்டால் கம்பை ஊன்றிக்கொண்டு மேட்டுக்குப் போகாமல் இருக்கமாட்டாள். போன ஐப்பசியிலும் போனாள், நானும் கூடப் போனேன். பைன் சருகைத் தள்ளிக்கொண்டு அதே வெள்ளைக் குடைகள். அம்மா கிள்ளவில்லை. கம்பால் அடி மண்ணை நெம்பி, சாய்த்துப் பார்த்தாள். கிண்ணி இருந்தது. “ம்க்கும்” என்று கம்பைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். இறங்குகிற வழியெல்லாம் திட்டுதான். வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. ஆசையாக உருட்டின கவளத்தைத் தட்டிவிட்டாளே, தட்டைப் பிடுங்கினாளே, விஷமென்று அவளுக்கே தெரியாதாமே, நல்லாயிருப்பாளா அவள் என்று மூச்சு வாங்க வாங்கத் திட்டினாள்.

நான் தட்டைக் கழுவி வைத்து, சூடாகச் சோறு போட்டு, பருப்பு ஊற்றினேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.